ஆஸ்துமா: மூச்சை மீட்க உதவும் பிஸியோதெரபி



ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் கொரட்டூர், பாடி, அம்பத்தூர் பகுதி வீடுகளில் இருமல் சத்தமும் தொடங்கிவிடும். தீபாவளிப் புகை, மார்கழிப் பனி, போகியன்று எரிக்கும் டயர் நாற்றம் என்று தை பிறக்கும் வரை ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது சோதனையான காலம். நம் மஹல்லாக்களிலும் இந்தச் சிரமத்தோடு வாழும் சகோதர சகோதரிகள் ஏராளம். ஃபஜ்ருக்குப் பள்ளிக்கு வரும் பெரியவர் வாசற்படியிலேயே நின்று மூச்சு வாங்குவதையும், மதரஸாவில் ஓதும் பிள்ளை ஆயத்தின் பாதியில் இருமி நிறுத்துவதையும் நாம் பார்க்கிறோம்.

இவர்களில் பலரும் மாத்திரை, இன்ஹேலர், நெபுலைசர் பற்றி அறிந்திருக்கிறார்கள். ஆஸ்துமாவுக்குப் பிஸியோதெரபி உண்டு என்பதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. மூட்டு வலிக்கும் பக்கவாதத்திற்கும் மட்டுமே உரியது பிஸியோதெரபி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இன்னொரு பக்கம், "இந்த மூச்சுப் பயிற்சியைச் செய்யுங்கள், இன்ஹேலரைத் தூக்கி எறியுங்கள்" என்று சொல்லும் வீடியோக்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகின்றன. முன்னது அறியாமை, பின்னது உயிருக்கே ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் உள்ள உண்மையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூச்சு எங்கே சிக்குகிறது?

ஆஸ்துமா மூச்சுக்குழல்களின் நோய். குழல்களின் உட்சுவரில் நாள்பட்ட அழற்சி இருக்கும். தூசி, புகை, குளிர்காற்று, சளிக் காய்ச்சல் போன்ற ஏதாவது ஒன்று தூண்டும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்சுவர் வீங்குகிறது. கெட்டியான சளி சுரந்து மிச்சமிருக்கும் வழியையும் அடைக்கிறது.

"மூச்சை இழுக்க முடியவில்லை" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். உண்மையில் சிக்கல் அதிகம் இருப்பது மூச்சை வெளியே விடுவதில். மூச்சை விடும்போது குழல்கள் இயல்பாகவே சற்றுச் சுருங்கும். ஏற்கனவே குறுகிய குழல் மேலும் குறுகுவதால் உள்ளே போன காற்று முழுவதும் வெளியேறுவதில்லை. பழைய காற்று தேங்கி நுரையீரல் உப்பிப் போகிறது. நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்ற முடியாததைப் போல, புதிய காற்றுக்கு இடமில்லாமல் போகிறது.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போல் கவிழ்ந்திருக்கும் உதரவிதானம்தான் நம் மூச்சின் பிரதான தசை. நுரையீரல் உப்பும்போது அந்தக் குடை கீழே அழுத்தப்பட்டுத் தட்டையாகிறது. அதன் வலு குறைகிறது. அந்த வேலையைக் கழுத்துத் தசைகளும் தோள்பட்டையும் ஏற்கின்றன. அவை நாள் முழுவதும் மூச்சுக்காக உழைக்கப் படைக்கப்பட்டவை அல்ல. விரைவில் களைத்துப் போகும். ஆஸ்துமா உள்ளவர்கள் தோளைத் தூக்கி, வாயைத் திறந்து, மேல்நெஞ்சால் மூச்சு விடுவதற்கும், கழுத்து வலி என்று சொல்வதற்கும் காரணம் இதுதான்.

ஒரு தடவை இப்படிப் பழகிவிட்டால், குழல்கள் சரியாக இருக்கும் நாட்களிலும் அதே பழக்கம் தொடர்ந்துவிடுகிறது. அவசர அவசரமாக மேல்நெஞ்சால் மூச்சு விடும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் குறைகிறது. அதனால் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப் போகும், நெஞ்சு இறுகும். இதையும் ஆஸ்துமா என்று நினைத்து மேலும் மேலும் மருந்தை உறிஞ்சுவார்கள். கை நடுங்கும், படபடக்கும், பயம் கூடும். 2001-ல் பிரிட்டனில் ஆஸ்துமா சிகிச்சை பெறும் பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இத்தகைய தவறான மூச்சுப் பழக்கம் இருக்கக்கூடும் என்று தெரியவந்தது.

நோயின் இந்தப் பகுதியில்தான் பிஸியோதெரபி கைகொடுக்கிறது.

பிஸியோதெரபியால் என்ன கிடைக்கும்? என்ன கிடைக்காது?

மூச்சுப் பயிற்சியால் ஆஸ்துமாவைச் சமாளிக்கும் முயற்சி புதிதல்ல. 1950களில் சோவியத் மருத்துவர் கான்ஸ்டான்டின் புட்டேக்கோ, குறைவாகவும் மெதுவாகவும் மூக்கு வழியே மூச்சு விடும் முறையை உருவாக்கினார். 1960களில் இங்கிலாந்தின் பாப்வொர்த் மருத்துவமனையில், உதரவிதான மூச்சையும் உடலைத் தளர்த்தும் பயிற்சியையும் சேர்த்து ஒரு முறை உருவானது. இன்று பிஸியோதெரபிஸ்டுகள் கற்றுத் தரும் பயிற்சிகள் பலவற்றில் இவ்விரண்டின் சாயலைக் காணலாம்.

பலன் உண்டா? 2018-ல் வெளியான ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வில் 655 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்குப் பிஸியோதெரபிஸ்ட் நேரில் மூன்று அமர்வுகளில் கற்றுக் கொடுத்தார். இன்னொரு பிரிவினருக்கு அதே பயிற்சிகள் டிவிடியாகவும் கையேடாகவும் தரப்பட்டன. மூன்றாவது பிரிவினர் வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற இரு பிரிவினரின் அன்றாட வாழ்க்கைத் தரமும் மூன்றாவது பிரிவினரைவிட மேம்பட்டிருந்தது. ஆனால் நுரையீரலின் அளவீடுகளிலோ குழல்களின் அழற்சியிலோ மாற்றம் இல்லை.

2020-ல் காக்ரேன் அமைப்பு, 2,880 பேர் பங்கேற்ற 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மூச்சுப் பயிற்சியால் வாழ்க்கைத் தரத்தில் நன்மை இருக்கக்கூடும். எனினும் ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை என்பதே அதன் முடிவு.

இதன் பொருளை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். பயிற்சி செய்பவர் நிம்மதியாகத் தூங்கலாம், படியேறலாம், பயமின்றி வெளியே போகலாம். ஆனால் மூச்சுக்குழலின் உள்ளே இருக்கும் அழற்சி அப்படியே இருக்கிறது. அதைக் குறைப்பது தடுப்பு மருந்து மட்டுமே. பயிற்சியால் உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றும் நேரத்தில் தடுப்பு இன்ஹேலரை நிறுத்துபவர், உள்ளே கனலும் நெருப்பின் மீது சாம்பலைத் தூவிவிட்டு அணைந்துவிட்டது என்று நினைப்பவரைப் போன்றவர்.

உலகில் ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்துமா மரணங்களில் சுமார் 42 சதவீதம் நம் நாட்டில் நிகழ்வதாக 2019-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய நோய்ச்சுமை மதிப்பீடு கூறுகிறது. நோய் இங்கே கொடியது என்பதால் இப்படி நடக்கவில்லை. நோயைக் கண்டறியத் தாமதம், தடுப்பு மருந்தைத் தொடராமல் விடுவது, இன்ஹேலரைக் கண்டு அஞ்சுவது ஆகியவை முக்கியக் காரணங்கள்.

சிகிச்சையின் முதல் நாள்

நுரையீரல் மருத்துவரோ பொது மருத்துவரோ நோயை உறுதிசெய்து, மருந்தையும் முடிவு செய்த பிறகுதான் பிஸியோதெரபிஸ்டிடம் செல்ல வேண்டும். ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் பரிசோதனை இதில் முக்கியமானது. எல்லா மூச்சிரைப்பும் ஆஸ்துமா அல்ல. இதய நோயாலும் இரத்தசோகையாலும் காசநோயாலும் மூச்சு வாங்கும்.

பிஸியோதெரபிஸ்ட் முதலில் பயிற்சி எதையும் தரமாட்டார். நீங்கள் அறியாதபடி உங்கள் மூச்சைக் கவனிப்பார். ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவது இயல்பு. மூக்கா வாயா, நெஞ்சா வயிறா, அடிக்கடி பெருமூச்சு வருகிறதா, தோள் உயர்கிறதா என்று குறித்துக்கொள்வார். நைமேகன் வினாப்பட்டியல் எனப்படும் 16 கேள்விகளைக் கேட்கக்கூடும். இன்ஹேலரை எப்படி உறிஞ்சுகிறீர்கள் என்று செய்து காட்டச் சொல்வார். தவறாக உறிஞ்சுபவர்கள் அதிகம் என்பதால், அந்த ஒரு திருத்தமே பலருக்குப் பெரிய நிவாரணமாக அமைந்துவிடும்.

வீட்டில் செய்யும் பயிற்சிகள்

கீழே உள்ளவற்றைப் பிஸியோதெரபிஸ்டிடம் ஒரு முறையாவது நேரில் கற்றுக்கொண்டு தொடர்வது நல்லது. உடல் சீராக இருக்கும் நேரத்தில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, இறுக்கமில்லாத உடையில் செய்ய வேண்டும். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட வேண்டும்.

1. வயிற்று மூச்சு: தலையணைகளில் சாய்ந்து, முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். ஒரு கை நெஞ்சில், இன்னொரு கை தொப்புளுக்கு மேலே இருக்கட்டும். மூக்கு வழியே மெதுவாக இழுக்கும்போது வயிற்றின் மீதுள்ள கை உயர வேண்டும். நெஞ்சின் மீதுள்ள கை அசையாமல் இருக்க வேண்டும். விடும்போது வயிறு தானாக அடங்கட்டும். பலமாக இழுக்கத் தேவையில்லை. ஐந்து முதல் பத்து நிமிடம், காலையும் மாலையும். படுத்துப் பழகியபின் உட்கார்ந்தும், பிறகு நடந்துகொண்டும் செய்யலாம்.

2. உதடு குவித்து விடுதல்: மூக்கு வழியே இரண்டு எண்ணும் வரை இழுங்கள். விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை விடுங்கள். எதிரே மெழுகுவர்த்தி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது. இப்படி விடும்போது வாயில் ஏற்படும் மெல்லிய அழுத்தம் உள்ளே குழல்கள் சட்டென மூடிக்கொள்ளாமல் தாங்குகிறது. தேங்கிய காற்று வெளியேற நேரம் கிடைக்கிறது. மாடிப்படி ஏறும்போதும் கனமான பையைத் தூக்கும்போதும் இது உதவும்: சிரமப்படும் கணத்தில் மூச்சை விடுங்கள், அடக்காதீர்கள்.

3. மூக்கு மூச்சு: மூக்கு காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்புகிறது. வாயால் இழுக்கும் குளிர்ந்த வறண்ட காற்று குழல்களை இறுக்கும். மூக்கடைப்பு நிரந்தரமாக இருந்தால் அதற்கும் சிகிச்சை எடுக்க வேண்டும். மூச்சை நீண்ட நேரம் அடக்கும் பயிற்சிகளை நீங்களாகச் செய்யாதீர்கள். இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

4. சளியை வெளியேற்றுதல்: எல்லோருக்கும் இது தேவையில்லை, சளி அதிகம் சேருபவர்களுக்கு மட்டும். சில நிமிடம் வயிற்று மூச்சு விட்டபின் மூன்று நான்கு தடவை ஆழமாக இழுத்து, மூன்று விநாடி நிறுத்தி விடுங்கள். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆவி பிடிக்கச் செய்வோமே, அதுபோல வாயைத் திறந்து "ஹா" என்று ஓரிரு தடவை ஊதுங்கள். தொண்டை கிழியும்படி இருமுவதைவிட இது சளியை எளிதாக மேலே கொண்டுவரும். இருமலைக் கட்டாயப்படுத்தினால் குழல்கள் இறுகும்.

5. உடல் பயிற்சி: ஆஸ்துமா உள்ளவர் ஓடக்கூடாது, விளையாடக்கூடாது என்பது தவறான எண்ணம். நோய் கட்டுக்குள் இருப்பவர் நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம். பத்து நிமிடம் மெதுவாக உடலைச் சூடேற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். முடிக்கும்போதும் படிப்படியாகவே குறைக்க வேண்டும். புகைமூட்டமான காலையிலும், போகி, தீபாவளி நாட்களிலும் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே நடப்பது நல்லது.

சிறு பிள்ளைகளுக்கு எண்ணிக்கையெல்லாம் புரியாது. சோப்புக் குமிழி ஊதுவதும் காகிதக் காற்றாடியைச் சுற்ற வைப்பதும் அவர்களுக்கான பயிற்சி.

கொரோனா காலத்தில் வாங்கிய மூன்று பந்துக் கருவி பல வீடுகளில் இருக்கிறது. அது மூச்சை உள்ளே இழுக்கும் பயிற்சிக்கானது. ஆஸ்துமாவில் சிக்கல் மூச்சை விடுவதில் என்பதால், அது இதற்கான பிரதான கருவி அல்ல. மருத்துவர் சொல்லாமல் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

மூச்சுத் திணறல் வந்துவிட்டால்

பயிற்சியால் திணறலை நிறுத்திவிடலாம் என்று காத்திருக்கக் கூடாது. முதலில் மருந்து, மருந்து வேலை செய்யும் வரை உடலையும் மனதையும் தாங்கிப் பிடிப்பதற்கே பயிற்சி.

படுக்க வைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, சற்று முன்னே குனிந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நின்றுகொண்டிருந்தால் கைகளை முழங்காலில் ஊன்றிக் குனியலாம். ருகூவை ஒத்த நிலை இது. கைகள் ஊன்றியிருக்கும்போது கழுத்து, நெஞ்சுத் தசைகள் மூச்சுக்கு உதவுவது எளிதாகிறது. சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்கி, ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

நிவாரண இன்ஹேலரை, பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பதை, ஸ்பேசர் குழாயில் பொருத்தி ஒரு அழுத்துக்கு நான்கு மூச்சு வீதம், ஒன்றன்பின் ஒன்றாக நான்கு அழுத்து கொடுக்கலாம். நான்கு நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் மீண்டும் நான்கு அழுத்து. அதற்கும் குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை மருந்தைத் தொடருங்கள். உங்கள் மருத்துவர் வேறு அளவு எழுதித் தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடும் நகமும் நீலம் பாரித்தல், விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுத்தல், குழப்பம், தூக்கக் கலக்கம் ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். கடுமையான திணறலில் "வீசிங்" சத்தம் திடீரென நின்றுபோவது குணமல்ல. காற்றே போகவில்லை என்பதன் எச்சரிக்கை. இத்தகைய நேரத்தில் நான்கு அழுத்து, நான்கு நிமிடம் என்று கணக்குப் பார்க்காமல் உடனே 108-ஐ அழைத்துவிட வேண்டும். இது ஆஸ்துமாவா, பதற்றத்தால் வந்த படபடப்பா என்று சந்தேகம் வந்தால் ஆஸ்துமா என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்ஹேலரை மறைக்க வேண்டாம்

இன்ஹேலர் பிடித்தால் விடாது, ஸ்டீராய்டு உடம்பைக் கெடுக்கும் என்ற பேச்சு நம் வீடுகளில் உண்டு. தடுப்பு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கில் இருப்பது. ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். அது நேராகக் குழலுக்குப் போகிறது. முறையாக எடுக்காமல் திணறல் முற்றி மருத்துவமனையில் சேர்ந்தால், அங்கே தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் இதைவிடப் பல மடங்கு. தடுப்பு இன்ஹேலருக்குப் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வருவதையும் பெருமளவு தவிர்க்கலாம்.

நிவாரண இன்ஹேலர் வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். நிவாரண இன்ஹேலரை மட்டுமே நம்பி வருடத்திற்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட டப்பாக்களைக் காலி செய்பவருக்குக் கடும் திணறல் வரும் அபாயம் அதிகம். ஜீனா எனப்படும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019 முதல், நிவாரண மருந்தை மட்டும் தனியாகத் தருவதைப் பரிந்துரைப்பதில்லை.

இதில் மனம் நோகும் ஒரு விஷயம், பெண் பிள்ளைகளின் நிலை. பெண் பார்க்க வரும் நாளில் இன்ஹேலரை பீரோவுக்குள் ஒளித்து வைப்பதும், நிக்காஹ் முடிந்து புகுந்த வீட்டில் அதை எடுக்கத் தயங்கிக் கழிப்பறையில் நின்று உறிஞ்சுவதும் நடக்கிறது. ஆஸ்துமா தொற்றுநோய் அல்ல. முறையான சிகிச்சையில் உள்ள பெண் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளை பெற்று வளர்க்கலாம். கண்ணாடி அணிவதைப் போல இதையும் இயல்பாக ஏற்றுக்கொள்ளும் மனம் மாமியார் வீடுகளுக்கு வேண்டும்.

ஹைதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் விழுங்கக் கொடுக்கப்படும் மீன் மருந்தைத் தேடி நம் ஊர்களிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். அதனால் ஆஸ்துமா குணமாகும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. போகிறவர்கள் இன்ஹேலரை வீட்டில் விட்டுவிட்டுப் போவதுதான் பெரிய ஆபத்து.

வேலையிடமும் வீடும்

1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அதைச் சுற்றியுள்ள பட்டறைகளும் கொரட்டூர்வாசிகள் பலருக்குச் சோறு போடுகின்றன. வெல்டிங் புகை, சாலிடரிங் புகை, ஸ்பிரே பெயிண்ட், மரத்தூள், பேக்கரி மாவுத் தூசி ஆகியவை ஆஸ்துமாவைத் தூண்டும். சிலருக்குப் புதிதாக உண்டாக்கவும் செய்யும். ஞாயிற்றுக்கிழமையும் பெருநாள் விடுமுறையிலும் மூச்சு நன்றாக இருந்து, வேலைக்குத் திரும்பியதும் மோசமானால், அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். அத்தகையவருக்கு மூச்சுப் பயிற்சியோ கைக்குட்டையோ தீர்வாகாது. தகுந்த முகக்கவசமும், புகையை வெளியேற்றும் மின்விசிறியும், முடிந்தால் பிரிவு மாற்றமும் வேண்டும்.

வீட்டில் கொசுவர்த்திச் சுருள், சிகரெட், ஈரச்சுவரின் பூஞ்சை, தலையணைத் தூசி, கரப்பான் பூச்சி ஆகியவற்றோடு நாம் விரும்பும் சிலவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊது, பக்கூர், கடுமையான அத்தர் எல்லாம் சிலருக்குத் திணறலைத் தரும். வாசனை ஒருவருக்கு நோயாகலாம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். வசந்த காலத்தில் ரோஜா மணத்தால் அபூ ஸைத் அல்பல்கி அவர்களுக்கு மூக்கொழுகல் ஏற்படுவதன் காரணத்தை விளக்கி, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவ மேதை அர்ராஸி ஒரு தனிக் கட்டுரை எழுதினார். பள்ளிவாசலில் பக்கூர் போடுவதாக இருந்தால் தொழுகைக்கு வெகுமுன்பே போட்டு ஜன்னல்களைத் திறந்துவிட்டால், மூச்சுத் திணறல் உள்ளவரும் முதல் ஸஃப்பில் நிற்கலாம்.

தொழுகையும் நோன்பும்

நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. திணறல் உள்ள நாளில் அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். வேகமாக நடந்து வந்து உடனே தக்பீர் கட்டாமல், சற்று முன்னதாகவே பள்ளிக்கு வந்து மூச்சு அடங்கிய பிறகு நிற்பது நல்லது. ஓதும்போது நீண்ட ஆயத்துகளில் முட்டிக்கொள்ளாமல், நிறுத்துவதற்குரிய வக்ஃபு இடங்களில் நிறுத்தி மூக்கு வழியே மூச்செடுங்கள். வழக்கமாக ஓரே மூச்சில் ஓதும் பகுதியை இன்று ஓத முடியவில்லை என்றால், நோய் கூடுகிறது என்பதற்கு அதுவே ஓர் அறிகுறி.

ரமளானில் பலர் தடுப்பு இன்ஹேலரை ஒரு மாதம் நிறுத்திவிடுகிறார்கள். காலை, மாலை என இரு வேளை எடுக்கும் மருந்தை ஸஹரிலும் இஃப்தாருக்குப் பின்னரும் எடுத்தால் போதும். நோன்புக்கு எந்த இடையூறும் இல்லை. ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

பகலில் நிவாரண இன்ஹேலர் எடுத்தால் நோன்பு முறியுமா? அது உணவோ பானமோ அல்ல, நுரையீரலுக்குச் செல்வது என்பதால் முறியாது என்று சில அறிஞர்களும், மருந்தின் துகள்கள் தொண்டையைக் கடப்பதால் முறியும், பின்னர் களா செய்ய வேண்டும் என்று வேறு சில அறிஞர்களும் கூறுகிறார்கள். நீங்கள் பின்பற்றும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: கருத்து வேறுபாடு நோன்பு முறிந்ததா என்பதில்தான். மூச்சுத் திணறும்போது மருந்தை எடுக்கலாமா என்பதில் இல்லை. நோயாளி நோன்பை விட்டுப் பிறகு நோற்பதற்கு அல்லாஹ் குர்ஆனிலேயே அனுமதி அளித்திருக்கிறான்.

எங்கே செல்வது?

அருகிலுள்ள மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். நுரையீரல் சிறப்புச் சிகிச்சைக்கு அரசுத் துறையில் சேத்துப்பட்டு நெஞ்சக மருத்துவ நிலையம், ஓட்டேரி அரசு நெஞ்சக மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவை கொரட்டூரிலிருந்து எட்டும் தூரத்தில் உள்ளன. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளர்களும் அவர்களது குடும்பத்தினரும் இ.எஸ்.ஐ. மருந்தகம் வழியாக அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குச் செல்லலாம். வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியவர்கள், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் பிஸியோதெரபி சேவை பற்றிச் சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

தனியார் பிஸியோதெரபி மையம் என்றால், அங்கிருப்பவர் பி.பி.டி. பட்டம் பெற்றவரா, நெஞ்சக நோயாளிகளுக்குப் பயிற்சி தந்த அனுபவம் உள்ளவரா என்று கேளுங்கள். நெஞ்சில் கருவி வைத்து மின்சாரம் கொடுப்பது ஆஸ்துமாவுக்கான சிகிச்சை அல்ல. மாதக்கணக்கில் தினமும் வரச் சொல்வதும் தேவையற்றது. பெரும்பாலோருக்குச் சில அமர்வுகளில் கற்றுக்கொண்டு வீட்டில் தொடர்வதே போதுமானது. இன்ஹேலரை நிறுத்தச் சொல்பவரிடம் மறுமுறை செல்லாதீர்கள்.

வீட்டில் ஒரு பீக் ஃபுளோ மீட்டர் இருப்பதும் நல்லது. காலையும் மாலையும் மூன்று தடவை ஊதி, அதில் அதிகமான அளவைக் குறித்து வையுங்கள். உங்களது சிறந்த அளவில் 80 சதவீதத்திற்கு மேல் இருந்தால் பச்சை. 50 முதல் 80 வரை மஞ்சள், மருத்துவரைப் பார்க்க வேண்டும். 50-க்குக் கீழே சிவப்பு, நிவாரண மருந்தை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நோயைத் தந்த அல்லாஹ் அதற்கான நிவாரணத்தையும் வைத்திருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். தேடிப் பெறுவது நம் கடமை. மருந்து குழலைத் திறக்கிறது. பயிற்சி அந்தக் குழல் வழியே நிதானமாக மூச்சு விடப் பழக்குகிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பிடிக்காமல், இரண்டையும் சேர்த்துப் பிடிப்போம். உங்கள் தெருவில், உங்கள் ஸஃப்பில் மூச்சு வாங்கும் ஒருவர் இருந்தால் இந்தச் செய்தியை அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

நோயுற்ற நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக! ஆமீன்.